பிரித்துவிட வழியில்லாத பேண்ட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். இத்தனை நாள் வழக்கத்துக்காக எழுதிய வார்த்தை, இன்றைக்கு நிஜமாகவே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? இனி உட்கார்ந்துகொண்டு படி. என் எடை எழுபத்து நாலரை கிலோவுக்கு இறங்கிவிட்டது. டாக்டரம்மா நம்பாமல் மறுபடி ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன், என் சிறுநீரகம் ஒன்று அம்மாவுக்குப் போகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த எடையோடு கத்தி வைக்க மாட்டேன், பண்டிகை லீவு முடிவதற்குள் ஆறு கிலோ இறக்குங்க என்று டாக்டரம்மா சொன்னதும் நாலு கிலோ இறக்கிவிட்டேன், மார் தட்டிக்கொண்டேன். அதற்குள் லீவு வந்துவிட்டது. கடைக்குத் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் பண்டிகை இனிப்பு டப்பாவோடு வந்தார்கள், வெட்டுகிற மேசையில் துணி விரிக்க இடமில்லை. ஒரு துண்டுதானே என்றுதான் ஆரம்பித்தேன். உன் மாமா வேறு விருந்துக்குக் கூப்பிட்டு, தட்டு காலியாக விடுவேனா என்று நின்றான். பேண்ட் இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. லீவு முடிந்தால் தெருவே இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி என்னிடம்தானே வரும், அந்தக் கைப்பழக்கத்தில் யோசிக்காமலே என் பேண்ட்டையும் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டேன். மறுவாரம் இன்னொரு அரை அங்குலம். மற்றவர்களுக்கு அவர்கள் பேண்ட்டே புத்தி சொல்லும், என் பேண்ட்டின் வாயை நானே தைத்துவிட்டேன்.

இஸ்திரி போடும்போது பழைய ஊசித் தடத்தை அம்மா பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. ஊருக்கெல்லாம் பிரிச்சு விடுங்க, எனக்காக இது ஒண்ணை மட்டும் பிரிக்காம விட்டுடுங்க என்று சொல்லி மடித்து வைத்தாள். சிறுநீரகம் கெட்டதிலிருந்து மூன்று வருஷமாக அவள், டாக்டரம்மா சொன்ன அளவுக்கு ஒரு பாட்டிலில் கோடு போட்டு, நாக்கு ஒட்டிக்கொண்டாலும் அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்காதவள். அவள் எதிரில் எனக்கு ஒரு துண்டு இனிப்பு பெரிதாகப் போய்விட்டது, வெட்கமாக இருந்தது மகளே. அன்றைக்கே பழைய அளவுக்கு இழுத்துத் தைத்து, உள்ளே விட்டிருந்த மிச்சத் துணியை வெட்டி எறிந்தேன். முப்பது வருஷத்தில் உள்ளே துணி விடாமல் நான் தைத்த ஒரே பேண்ட் அதுதான். அப்புறம் சின்னத் தட்டு, அரை வயிறு, காலையும் மாலையும் நடை. வருகிற டப்பாவைச் சிரித்துக்கொண்டே வாங்கி எதிர்க்கடை சைக்கிள்காரரிடம் தள்ளிவிட்டேன், இப்போது அவர் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி வந்து நிற்கிறார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், உங்கள் ஆபீஸில் பண்டிகை விருந்து மூன்று வாரம் நடக்கிறதாமே. வெறும் வயிற்றோடு போகாதே, கண்ணுக்குப் பிடித்ததை எல்லாம் தட்டில் ஏற்றாதே, பசி அடங்கியதும் எழுந்துவிடு. மாப்பிள்ளையின் பெல்ட்டில் புது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார். எனக்குக் கொஞ்சம் பயமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று டாக்டரம்மா அம்மாவிடம், எல்லாம் நல்லபடியா முடிஞ்சா நிறையத் தண்ணி குடிக்கணும், குடிக்கலேன்னா திட்டுவேன் என்றார். அம்மா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பெரிய சொம்பை இறக்கி, பளபளவென்று தேய்த்து, அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. பத்தாம் தேதிக்குள் வந்துவிடு. இனிப்பு எதுவும் கொண்டுவராதே. முதல் சொம்புத் தண்ணீரை அவளுக்கு நீதான் மொண்டு கொடுக்க வேண்டும், அப்போது நான் அடுத்த அறையில் படுத்திருப்பேன்.

இப்படிக்கு,
இடுப்பு முப்பத்து நாலு, இனி பிரித்துவிட வழியில்லாத
உன் அப்பா