2006-இல் நின்றுபோன கைப்பேசியும் 2009-இல் நடந்த கல்யாணமும்

அனுப்புநர்:
க. சடையப்பன் (வயது 51),
வீட்டுமனைத் தரகர்,
பெரிய தெரு, கீழ்க்கழிமேடு கிராமம்,
திருப்போரூர் வழி.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: புகார் மனு – என் கைப்பேசி தவறான ஆண்டைக் காட்டியதால் என் மகள் திவ்யாவின் திருமணப் பதிவு நின்றுபோனது – மருமகன் 02.08.2009 அன்று மஸ்கட் புறப்படுவதற்குள் பதிவு செய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் பகுதி சார்பதிவாளர் அவர்கள் 15.07.2009 அன்று எங்கள் விண்ணப்பத்தின் மேல் எழுதிய குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் சொந்தக் கைப்பேசியின் மீது நானே கொடுக்கும் புகார். காவல் நிலையத்தில் வாங்க மாட்டோம் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். தாங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுச் சிரிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. என் ஒரே மகள் திவ்யாவுக்கும் மதுராந்தகத்தைச் சேர்ந்த பரணிதரனுக்கும் கடந்த 28.06.2009 ஞாயிற்றுக்கிழமை காலை திருப்போரூர் மண்டபத்தில் திருமணம் நடந்தது. மருமகனுக்கு மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை. வரும் ஆகஸ்ட் 2-ஆம் தேதி அவர் விமானம் ஏற வேண்டும். அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்துத்தான். திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால்தான் கம்பெனியில் பெண்ணுக்கு விசா எடுப்பார்கள். பதிவுக்கோ இரண்டு பேரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். 2-ஆம் தேதிக்குள் ஆகவில்லை என்றால் இரண்டு வருடம் அவர் அங்கே, இவள் இங்கே. விஷயம் இவ்வளவுதான் ஐயா. மீதியெல்லாம் அந்தக் கைப்பேசி ஆடிய கூத்து.

2. கடந்த பிப்ரவரியில் பெரிய திரை வைத்த கைப்பேசி ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டரில் செய்வதையெல்லாம் இதிலேயே செய்யலாம் என்றார்கள். கம்ப்யூட்டரில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாததால் நம்பிவிட்டேன். எனக்குத் தேவைப்பட்டது இரண்டே இரண்டு. நான் நாள் முழுக்க வண்டியில் அலைபவன். யார் கூப்பிடுகிறார்கள் என்று பையிலிருந்து எடுத்துப் பார்க்காமல் தெரிய வேண்டும். அடுத்து, மனையைப் படம் எடுத்தால் படத்தின் மேலேயே தேதி விழ வேண்டும். இன்ன தேதியில் எல்லைக்கல் இருந்தது என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் சாட்சி. ராத்திரியோடு ராத்திரியாகக் கல் நடக்கும் ஊர் எங்கள் ஊர்.

3. மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் மொபைல் கடை வைத்திருக்கும் ஷபானா என்பவரிடம் போனேன். கெட்டிக்காரப் பெண். முதலில் கைப்பேசிக்கு அலங்காரம் செய்கிறேன் என்று மயில் படம் வைத்தார். மயில் தோகை விரித்ததில் மணி காட்டும் இடம் மறைந்துபோனது. பிறகு நான் கேட்ட இரண்டு சாப்ட்வேரையும் ஏற்றினார். ஒவ்வொன்றும் 'அனுமதிக்கவா? ஆம், இல்லை' என்று பதினோரு தடவை கேட்டது. என் பெண்ணைக் கேட்டு வந்த சம்பந்தி வீட்டார்கூட இத்தனை தடவை சம்மதம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆம் போட்ட பிறகு, சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது, ஏற்ற முடியாது என்றது. சாப்ட்வேருக்கும் சான்றிதழ் உண்டாம் ஐயா, அதற்கும் கெடு உண்டாம்.

4. அதற்கு எல்லாக் கடையிலும் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியின் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டால், சான்றிதழ் இன்னும் உயிரோடு இருப்பதாக அது நம்பிவிடும். ஷபானாவும் நாளையும் மாதத்தையும் விட்டுவிட்டு, ஆண்டை மட்டும் 2006 ஆக்கினார். ஏறிவிட்டது. வேலை முடிந்ததும் தேதியை முன்னால் கொண்டு வந்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் இந்த இரண்டும் 2009-க்கு வந்தால் படுத்துக்கொண்டன. 2006-இல் விட்டால் ஜோராக ஓடின. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, தேதில மட்டும் கை வெக்காதீங்க. ஊர்ல பாதி போனு 2006-லதான் ஓடிகினு கீது. யாருக்கு இன்னா கொறஞ்சி போச்சி?" அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

5. அதன் பிறகு நானும் 2006-இல் குடித்தனம் நடத்தினேன். மனைப் படத்தைப் பார்த்தவர்கள், மூன்று வருடமாக விற்காத மனையை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். இரண்டு தடவை கைப்பேசி தானாகவே உறைந்து நின்று, கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டது. யாராவது கூப்பிட்டால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குரலில் பெயரைக் கத்தும். நான் ஆட்களை மனையோடு சேர்த்துப் பதிவு செய்யும் பழக்கம் உள்ளவன். பேர் மறந்தாலும் மனை மறக்காது. ஆகவே 'கார்னர் பிளாட் வரதன்', 'கிழக்குப் பார்த்த செங்கம்மாள்' என்று அந்த அம்மாள் தெருவெல்லாம் ஏலம் விட்டாள். செங்கம்மாள் ஒரு நாள் பக்கத்தில் நின்று தன் காதாலேயே கேட்டுவிட்டார். அதிலிருந்து என்னிடம் பேசுவதில்லை.

6. இனி கல்யாண நாளுக்கு வருகிறேன். ஐயர் மந்திரம் சொல்லித் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிற நேரம். மேளக்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார். மண்டபம் கப்சிப். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையிலிருந்து 'கார்னர் பிளாட் வரதன், கார்னர் பிளாட் வரதன்' என்று கூப்பாடு. அடக்க வேண்டிய பட்டன் எதுவென்று தெரியாமல் கண்டதையும் அழுத்திக்கொண்டே, என்னையறியாமல் மேடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். அழைப்பு அடங்கியது. கேமரா திறந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் பெண் கழுத்தில் முதல் முடிச்சு விழுகிறது. எடுத்துவிட்டேன் ஐயா. சத்தியமாகச் சொல்கிறேன், நான் என் வாழ்நாளில் எடுத்த படங்களில் மனை இல்லாத நல்ல படம் அது ஒன்றுதான்.

7. இதனால் விளைந்த கேடு என்னவென்றால், ஸ்டுடியோக்காரர் எடுத்த படத்திலும் வீடியோவிலும் தாலி கட்டும் இடத்தில் என் முதுகு மட்டுமே தெரிகிறது. மற்ற படங்களையாவது கொடுக்கலாம் என்றால், அவர் அத்தனையையும் கம்ப்யூட்டரில் அழகுபடுத்திவிட்டார். மாலையும் கழுத்துமாக இருவரும் பனிமலையில் நிற்கிறார்கள். ஒன்றில் தாமரைப் பூவுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். திருமணம் நடந்த இடம் திருப்போரூர்தானா என்று சார்பதிவாளர் அவர்கள் மரியாதையாகவே கேட்டார்.

8. ஆகவே நான் எடுத்த படத்தையே பிரிண்ட் போட்டு 08.07.2009 அன்று கொடுத்தோம். அதன் கீழ் மூலையில் சிவப்பாக 28.06.2006 என்று இருந்தது. திவ்யா பிறந்தது 03.06.1990. சார்பதிவாளர் அவர்கள் விரல் விட்டு எண்ணினார். பதினாறு வயது. அப்போதே கல்யாணத்தை முடித்துவிட்டு இப்போது பத்திரிகை அடித்துக் கொண்டு வந்திருக்கிறீர்களோ என்று சந்தேகப்பட்டார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். முதல் படத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு, தேதி சரியான வேறு படம் இருந்தால் கொண்டு வரச் சொன்னார்.

9. இங்கேதான் ஐயா நான் புத்தி கெட்டுப்போனேன். கைப்பேசித் தேதியை 2009 ஆக்கினேன். சாப்ட்வேர் படுத்துக்கொண்டதே தவிர, படத்தின் மேல் விழுந்த தேதி அசையவில்லை. இன்னொரு பிரிண்ட் போட்டு, சிவப்புப் பேனாவால் ஆறை ஒன்பதாக்க உட்கார்ந்தேன். மேலே ஒரு சுழி போட்டதும் ஆறு எட்டாகிவிட்டது. அதற்கு மேல் கை வைத்தால் படம் கெட்டுவிடும் என்று அப்படியே விட்டேன். 15-ஆம் தேதி அதைக் கொண்டுபோய் நீட்டினேன். 2008 என்றால் பெண்ணுக்குச் சரியாகப் பதினெட்டு வயது என்பது, சார்பதிவாளர் அவர்கள் முகம் சிவந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. திருமுருகன் அறிய அந்தக் கணக்குப் போட்டு நான் திருத்தவில்லை. அவ்வளவு கணக்குத் தெரிந்திருந்தால் ஒன்பதை ஒழுங்காகப் போட்டிருப்பேன். இனி இது என் அதிகாரத்தில் இல்லை, மாவட்டப் பதிவாளரைப் பாருங்கள் என்று குறிப்பு எழுதிவிட்டார்.

10. என் பக்கத்துச் சாட்சிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை என்று இருக்கிறது, 28.06.2006 புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை திவ்யா பிளஸ் ஒன் வகுப்பில் இருந்ததற்குப் பள்ளி வருகைப் பதிவேட்டின் நகல் உள்ளது. அன்று கணக்குப் பரீட்சை. தாலியும் கட்டிக்கொண்டு பரீட்சையும் எழுதக்கூடிய பெண் அல்ல. வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தாலே தெரியும். மருமகன் அந்த வருடம் முழுவதும் மஸ்கட்டில் இருந்ததற்குப் பாஸ்போர்ட் முத்திரை உள்ளது. கைப்பேசியின் பெட்டியில் அது 2008-இல் தயாரானதாக அச்சாகியிருக்கிறது. பிறக்காத கைப்பேசி கல்யாணத்துக்கு எப்படி வரும்? ஷபானாவும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கூப்பிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தங்கள் கண் முன்னாலேயே தேதியைத் தள்ளிக் காட்டவும் தயார்.

11. ஆகவே மேற்படி சாட்சிகளைப் பரிசீலித்து, படத்தில் உள்ள ஆண்டு இயந்திரத்தின் தவறு என்றும், பேனாவில் உள்ள ஆண்டு என் மடத்தனம் என்றும் பதிவு செய்து, திருமணத்தைப் பதிவு செய்துகொள்ள சார்பதிவாளர் அவர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பேனா வைத்ததற்கு எந்த நடவடிக்கை எடுப்பதாக இருந்தாலும் என் மீது மட்டும் எடுக்கவும். பெண்ணும் பிள்ளையும் அதை அறியார்கள்.

12. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் ஐயா. மனுவில் எழுதக்கூடியதா என்று தெரியவில்லை. 15-ஆம் தேதி திரும்பி வரும்போது திவ்யா வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வழி நெடுக அழுதாள். சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இரண்டு வருடம் நம் வீட்டிலேயே இருப்பாள் என்று. இப்போது ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறோம். காலையில் அவள் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன். என் மனைவி சம்பூர்ணம், "வேணும்னேதான் பண்ணிகினு கீற" என்று ஏசுகிறாள். இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். எட்டாகிப்போனது வேண்டுமென்று செய்ததல்ல, அது நிஜம். ஆனால் எட்டான பிறகு பேனா படாத இன்னொரு பிரிண்ட் போட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கலாம். பிரிண்ட் போடும் கடை திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை. இதைச் சம்பூர்ணத்திடம் சொல்லவில்லை. தங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

13. எதிர்த்த வீட்டுப் படியில் மருமகன் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். ஆடியில் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவருக்கும் தெரியும். அவர் எழுந்து போகும் வரை திவ்யா ஜன்னலை விட்டு நகர்வதில்லை. இதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

14. ஆகவே ஐயா, 2-ஆம் தேதிக்குள் தயவு செய்து முடித்துக் கொடுங்கள். எந்த நாளில் கூப்பிட்டாலும் அழைத்து வருகிறேன். ஆனால் சான்றிதழை என் கையில் கொடுக்க வேண்டாம். திவ்யாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இடம்: கீழ்க்கழிமேடு
நாள்: 20.07.2009 (சுவரில் உள்ள தினசரிக் காலண்டரைப் பார்த்து எழுதியது)

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
க. சடையப்பன்