செவலை தின்னவில்லை

ஜூலை 3, வியாழன்
கறவை நின்ற மாட்டை யார் வைத்துக்கொள்ள வேண்டும்? ஆறு வருடமாக அதன் பாலில் காபி குடித்த எனக்கும் அதில் பங்கு உண்டா? பதில் தெரியவில்லை. நாலு தடவை ஊசி போட்டும், எனக்குப் பால் ஊற்றும் வேம்புவின் செவலைக்குச் சினை பிடிக்கவில்லை. தெருமுனையில் அவள் கொட்டகையில் மூன்று மாடுதான் கட்டலாம். "ஞாயித்துக்கிழம புரோக்கரு வராரு டீச்சர். நான் இன்னா பண்றது, நீயே சொல்லு." செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டேதான் சொன்னாள். அடிமாட்டுக்குத்தான் போகும்.

ஜூலை 5
மாத்தூரைத் தாண்டி, கறவை நின்ற மாடுகளுக்கு ஒரு காப்பகம்; போய்ப் பார்த்தேன். இம்மாதிரி இடங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போட்டோ எடுத்துப் போடத்தான் நடத்துகிறார்கள் என்று நினைப்பேன். நடத்துகிற நர்மதா சாணிக் கையோடு வந்தாள். "இங்க யாரும் மடியில கை வைக்க மாட்டோம் மேடம். அதுங்க குடுத்தது போதும்." பிடித்திருந்தது. நாளைக்கே வண்டி அனுப்பச் சொன்னேன், வேம்புவும் சரி என்றாள்.

ஜூலை 6
புரோக்கருக்கு முன்னால் காப்பகத்தின் வண்டி வந்துவிட்டது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே செவலையின் முதுகு மட்டும் தெரிந்தது. வேம்பு வெளியே வரவில்லை.

ஜூலை 9
நர்மதா போன் செய்தாள்: செவலை மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை. தொட்டி நிறையப் புல், தவிடு. காய்ச்சல் இல்லை, வயிற்றில் அடைப்பும் இல்லையாம். இப்படியே போனால் படுத்துவிடும் என்கிறாராம் மாட்டு டாக்டர். ஐயோ — நான்தானே கொண்டுபோய் விட்டேன்? எனக்கு என்ன தெரியும்னு இதுல தலையிட்டேன்?

ஜூலை 10
வேம்புவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். தொட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இத்த வச்சிட்டு நீங்க பாட்டுக்கு போய்ட்டா அது எப்டி துன்னும்? நான் கறக்க குந்தினாத்தான் அதுக்கு தீனி. பால் நின்னப்புறமும் குந்திக்கினுதான் இருந்தேன்."

பக்கத்தில் குந்தி, மடியில் தண்ணீர் தெளித்து, வற்றிய காம்பைப் பிடித்தாள். "துன்னுடி, பேஜாரு புடிச்சவளே!" செவலை தொட்டிக்குள் தலையை விட்டது. நர்மதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாளைக் காலை வேம்புவால் வர முடியாது. மற்ற மாடுகளைக் கறக்க வேண்டும், வீடு வீடாக ஊற்ற வேண்டும். நர்மதாவோ கறக்கவே தெரியாது என்கிறாள். யார் உட்காருவது?

ஜூலை 11
நான் உட்கார்ந்தேன். முக்காலியை நர்மதாவே கொண்டுவந்து போட்டாள். இதுவரை ஒரு மாட்டையும் தொட்டதில்லை. மடி வெதுவெதுப்பாக இருந்தது. செவலை திரும்பிப் பார்த்துவிட்டு ஓர் உதை விட்டது, முழங்காலில் பட்டது. நகர்ந்து மறுபடி உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிடும்மா" என்றேன். கால் மணி நேரம் கழித்துப் பாதித் தொட்டி காலி. கல்லூரிக்கு இரண்டாவது பீரியடுக்குத்தான் போக முடிந்தது.