நான்காம் பக்கத்தில் இருந்த உரிமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும். அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை, ஆனால் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான் அவருக்கு மாடியில் எல்லா வேலையும் முளைக்கிறது. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நல்ல செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து சமாதானம் பேசிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் வெளிநாட்டில் இருக்கிற உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நீயும் உன் பேராசிரியரும் வந்தீர்களே, பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையைச் சுற்றியுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுகிறவள் நான் என்பதால் அந்தத் தாய்மார் எல்லோரும் எனக்குப் பழக்கம். நான் கூப்பிட்டேன் என்றுதான் முப்பத்தாறு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசியைப் பார்த்து அலறியதுகளை என் மடியில்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆரோக்கியம் மனித உரிமை என்று உன் பேராசிரியர் அரை மணி நேரம் பேசினார், நீ மொழிபெயர்த்தாய், எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு சரி. பதினான்கு மாதமாக மூச்சுப் பேச்சில்லை. நான் கேட்கும்போதெல்லாம் எண்கள் வந்துவிட்டன, ஆனால் கட்டுரை வெளியாகவில்லை, துறையின் அனுமதி வரவில்லை, கொஞ்சம் பொறும்மா என்றாய். நானும் கடைத்தெருவில் எதிரே வருகிறவர்களிடம் அதையே ஒப்பித்து ஒப்பித்து, கடைசியில் வேலைக்கு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

எதிர்வீட்டுத் தையல்காரியின் மகளை உனக்கு நினைவிருக்கும், எடுத்த ரத்தத்தை யார் குடிப்பார்கள் என்று உன்னிடம் கேட்டாளே, அந்த வாயாடி. இரண்டு மாதம் முன்பு வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. எங்கள் டாக்டர் சந்தேகப்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் அனுப்பினார், ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. பார் பாப்பா, ஒன்பது நாள். இருக்கக்கூடிய அளவைப்போல எட்டு மடங்கு ஈயம். ஒரு வருஷம் முன்பே தெரிந்திருந்தால் பிள்ளையை வேறு இடத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்னார். தையல்காரி அந்தக் காகிதத்தோடு நேராக என் மேஜைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "அக்கா, உங்க பொண்ணுகிட்ட இந்த நம்பர் ஒரு வருஷமா இருந்துச்சா?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருந்துச்சும்மா" என்றேன். காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் நான் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு ரவிக்கைகளும் வாசற்படியில் இருந்தன. கதவைத் தட்டக்கூட இல்லை. வெட்கத்தில் உன்னை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன், அப்பாகூட எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் பீரோவைக் குடைந்து, அன்று நீங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய படிவத்தின் நகலை எடுத்து வரிவரியாகப் படித்தேன். நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில், உங்கள் குழந்தையின் முடிவைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு என்று இருக்கிறது. அதை எங்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை, நானும் அப்போது படிக்கவில்லை, என் தப்பும் உண்டு. வீடுவீடாகப் போனேன். பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் பதினோரு பேர் பயந்துகொண்டு கதவைச் சாத்தினார்கள். இருபத்தைந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து தையல்காரியுடையது. தம்பி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தான், ஆராய்ச்சிகள் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் பொறும்மா என்பாய்.

போன வாரம் பதில் வந்தது. முப்பத்தாறு பேரின் முடிவையும் எங்கள் டாக்டருக்கு அனுப்புகிறார்களாம். அதற்குக் கீழே ஒரு வரி: இதே கோரிக்கையை இந்த ஆய்வில் இருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் முன்பே மூன்று முறை எழுத்தில் வைத்ததும், அதன்பின் எட்டு மாதம் முன்பு அவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டதும் கவனத்துக்கு வந்திருக்கிறது என்று. தம்பி அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பாப்பா, அது நீதானே. எட்டு மாதமாக நீ அந்த வேலையிலேயே இல்லையா? அப்படியானால் என்னிடம் ஏன் அனுமதி, கட்டுரை என்று கதை சொன்னாய்? அம்மா கவலைப்படுவாள் என்றா? நான் கவலைப்படவில்லையடி, ஊர் முழுக்க உன்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நின்றேன். உன் மேல் கோபம் தீரவில்லை, இப்போது என் மேலும் சேர்ந்துகொண்டது.

தையல்காரியிடம் போய் அந்த வரியைச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு, "அவ எழுதினது நல்லது. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று பட்டியல் வந்துவிட்டது. பத்தொன்பது பிள்ளைகளுக்கு அதிகம். அதில் ஆறு, கதவைச் சாத்திய வீட்டுப் பிள்ளைகள். தையல்காரியின் குழந்தைக்கு மருந்து நடக்கிறது, நேற்று சாப்பாடு பிடிக்கவில்லை என்று தாயோடு சண்டை போட்டாளாம், கேட்க நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரையும் சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எங்கள் நேரம் பத்து, மறந்துவிடாதே. அப்போது நீ போனில் வர வேண்டும். பேராசிரியர் வேண்டாம், நீ. முதலில் மன்னிப்புக் கேள், பிறகு எண்களைச் சொல். என்னை நடுவில் இழுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எங்கிருந்தாலும் நெஞ்சு நிமிர்ந்து நல்லபடி வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன் மேல் கோபமும் பிரியமுமாக,
அம்மா