சிவப்புக் குவளையில் என் சீப்பு

5.3.84 திங்கள்
காலையிலிருந்து மழை. கடையில் ஆளில்லை. சும்மா இருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலி முனியாண்டி எனக்கு முடி வெட்டினான். பாதியில் கத்தரி நின்றது.
"அண்ணே, காதுக்கு மேல புழுவெட்டு."
ஐம்பது காசு அளவு வழுக்கை. வலி, அரிப்பு எதுவுமில்லை. முடி வெட்டுகிறவனுக்கே இது. சிரிப்புதான் வந்தது.

7.3 புதன்
சிரிப்பு போய்விட்டது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருகிற கணேசன், என்னிடமே வெட்டிக்கொள்கிறவர், கண்ணாடியில் என் தலையைப் பார்த்தார். முனியாண்டி வெட்டட்டும், காத்திருக்கிறேன் என்றார். மாலைக்குள் இன்னும் இருவர் அப்படியே.

என் சீப்புக்கு மட்டும் முதலாளி தனியாக ஒரு சிவப்புக் குவளை வைத்தார். மாதக் கடைசி வரை பார்ப்பாராம். அப்புறம் என் நாற்காலிக்கு வேறு ஆள்.

வீட்டில் என் பெண்டாட்டி லெட்சுமி அந்த இடத்தில் சின்ன வெங்காயம் தேய்த்தாள். புழுவெட்டுக்குப் பயப்படாதவனும் இந்த நாற்றத்துக்கு ஓடுவான்.

10.3 சனி
கிளினிக். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்றார். ஜனவரியில் டெங்கி, ஆஸ்பத்திரி, இளைத்தது, எல்லாம் சொன்னேன். கிருமியை எதிர்க்கிற சக்தி தடம் மாறி மயிர்க்காலைத் தாக்குகிறதாம். காய்ச்சலில் உடம்பு பட்ட பாடு அதைக் கிளப்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாதாம். புழு இல்லை. யாருக்கும் ஒட்டாது. திரும்ப முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம்.

முதலாளியிடம் சொன்னேன். தலையாட்டினார். குவளையை எடுக்கவில்லை.

14.3 புதன்
பிடரியில் இரண்டாவது வட்டம். தொப்பி போடச் சொல்கிறாள் லெட்சுமி. முடி வெட்டுகிறவன் தொப்பி போட்டால் ஊரே என்ன என்று கேட்கும்.

இன்று ஒரே ஒரு தலை. பாஷை தெரியாத வெள்ளைக்காரன்.
பயமாக இருக்கிறது. முடிக்காக அல்ல.

17.3 சனி
நல்ல வெயில். பெஞ்சு நிறைய ஆள், கணேசனும். எல்லோரும் முனியாண்டிக்கு. நான் துண்டுகளை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

முதலாளி பேப்பரை வைத்துவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். துணியைப் போர்த்திவிட்டு, முனியாண்டியின் சீப்புக்குக் கை நீட்டினேன்.

"உன்னோடத எடு தம்பி. நானே அந்த டாக்டர்ட்ட போய்க் கேட்டுட்டேன். ஒட்டாதுலா."

கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

குவளையிலிருந்து எடுத்தேன். மெதுவாகத்தான் வெட்டினேன். பிடரிக்கு வந்தபோது கண்ணாடியில் கணேசன். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, காலர் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.