அப்பாவோடு முடிந்த அட்டை

அம்மாவுக்கு,

உன் வயிற்றில் அடித்தவர் நம் மீனவர் சங்கத் தலைவர்தான். அப்பா இறந்ததும் அப்பாவின் மீனவர் அட்டையை உன் பெயருக்கு மாற்றாமல் விட்டார். அட்டை இல்லாததால்தான் ஆற்றைக் குத்தகைக்கு எடுத்தவனின் ஆட்கள் உன் வலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். சினை மீனைத் திரும்ப ஆற்றில் விடுகிறவள் நீ. அவர்களோ கொசுவலையில் குஞ்சுகளை அள்ளுகிறார்கள்.

கோபத்தில் நலம் கேட்க மறந்தேன். முழங்கால் வலி குறைந்ததா?

நான் நலம். இங்கே மீன் கம்பெனியில் மீன் வெட்டும்போது கத்தி வழுக்கி, பெருவிரலில் மூன்றே தையல். பயப்படாதே. விபத்துப் படிவம் நிரப்பிய எழுத்தர் உன் தொழிலைக் கேட்டார்.

"மீன் பிடிக்கிறாங்க சார்."

"விக்கிறாங்களா?"

"இல்ல சார், வலை வீசுறாங்க. அப்பா துடுப்புதான் போட்டாரு. அம்மா கை காட்டுன எடத்துல படகை நிறுத்துவாரு."

"வீட்லயும் அப்படித்தானா?" என்று சிரித்தவர், 'மீனவர்' என்றே எழுதினார். ஒரு காகிதம் உன்னை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நகல் வாங்கி இதில் வைத்திருக்கிறேன்.

கிழிந்த வலையில் இரண்டு முழம் அனுப்பு. துணி போட்டுவைக்க வேண்டும். துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் மகன்

பின்குறிப்பு: நகலோடு அடுத்த இரண்டு வரியையும் தலைவருக்கு வாசித்துக் காட்டு. ஐயா, நான் உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டும் நீங்கள் வாய் திறக்கவில்லை. அட்டையில் என் அம்மா பெயரை எழுதுங்கள்.