என் பெயரில் ஓர் உத்தரவாதம்

மயிலாப்பூர்,
16-11-1997

அன்புள்ள சாரு,

உன் கடிதம் திங்களன்று வந்தது. நாக்பூரில் குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கே மழை, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

மாப்பிள்ளை விருப்ப ஓய்வு வாங்கியது நல்லதா கெட்டதா என்று நான் சொல்லப்போவதில்லை. அது முடிந்த விஷயம். வந்த பணம் முழுவதையும் மாடி வீட்டுச் சந்திரமௌலி ஏஜெண்டாக இருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனியில் போடலாமா, ஒரே வரியில் பதில் எழுது என்கிறாய். அவர் ஃபோனில் உன்னிடம் சொன்னதையும் எழுதியிருக்கிறாய்: "ரிசர்வ் பாங்க் ஆபீசரே எங்காத்துக்குக் கீழதான் குடியிருக்கா. கோளாறுன்னா உங்கக்கா சும்மா இருப்பாளா?"

படித்தவுடன் மாடிக்குப் போனேன். என் பெயரைச் சொல்லி டெபாசிட் பிடிக்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். "சரிம்மா, கம்பெனி சரியில்லைன்னு நீயே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லு, இன்னிக்கே நிறுத்திடறேன்" என்றார். நான் இறங்கி வந்துவிட்டேன். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பிராவிடண்ட் ஃபண்டும் அங்கேதான் இருக்கிறது. போன மார்கழி பஜனையில் அந்தக் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர் வெறுங்காலோடு மாட வீதி சுற்றி வந்தார். அதைப் பார்த்த பிறகு இவருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். கம்பெனிகளுக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறோம். அங்கே காபிகூடக் குடிப்பதில்லை, ஃப்ளாஸ்கில் கொண்டுபோகிறேன். எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது. சொன்னால், காதில் விழுந்தவர்கள் முதலில் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு மிச்சம் இருக்காது. பாங்கில் அக்கா இல்லாதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். ஒரு கம்பெனிமேல் பாங்கின் தடை உத்தரவு என்று ஒன்று வந்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் வரும். அதுவரை நான் பேசாமல் இருப்பது என் வேலை. அதைச் சம்மதம் என்று யாரும் விற்கக் கூடாது.

முகம் தெரியாதவர் கேட்டாலும் நான் சொல்வதை உனக்கும் சொல்கிறேன். கம்பெனி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. ஒருவர் ஊரில் யாரும் தராத வட்டி தருகிறார் என்றால், அவ்வளவு கொடுத்தால்தான் பணம் கிடைக்கும் என்ற நிலைமை அவருக்கு ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். என் சேமிப்பு எப்போதும் தபால் ஆபீசில்தான். அதற்காக நீ என்னைக் கேலி செய்யாத வருடம் கிடையாது.

உன் பிள்ளை சாய்சரணுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. கோயில், அர்ச்சனை எல்லாம் எனக்கு வழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தும் வெள்ளிக்கிழமை கற்பகாம்பாள் சன்னதியில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

இந்தக் கடிதத்தைச் சந்திரமௌலியிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கம்பெனியின் கணக்கைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து இன்னொரு முறை படியுங்கள். செக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படியுங்கள்.

நீங்கள் மூவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் அக்கா
நீரஜா