நிலத்தைத் தொட்ட கார்

நேற்றுப் பின்னேரம் பென்டில் ஹில் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தரிப்பிடத்திலிருந்து வீதிக்கு இறங்கிய ஒரு கார் தன் அடிவயிற்றைச் சீமெந்தில் உரசிக்கொண்டு போனது. கறகறவென்ற அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். நான் மட்டும் பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றுவிட்டேன். நீங்கள் வேலையால் வரும்போது எங்கள் வாசல் சரிவில் கேட்கும் சத்தம் அது. அது கேட்டதும் தேத்தண்ணிக்குக் கேத்திலைத் தட்டிவிடுவேன். நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. ஆனாலும் ஒரு கணம், வந்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

கலியாணத்துக்கு முன் யப்பானில் இருந்த காலத்தைப் பற்றி நீங்கள் அதிகம் சொன்னதில்லை. நாகோயாவுக்கு வெளியே, ஏற்றுமதிக்குப் போகும் பழைய கார்களைக் கழுவுகிற வேலை. குளிரைப் பற்றிக் கேட்டால் இரண்டு வசனம் சொல்வீர்கள். கார்களைப் பற்றிக் கேட்டால் சோறு ஆறிவிடும். அங்கே சிலர் பெரிய கார்களை நிலத்தோடு ஒட்டப் பதித்து, சில்லுகளின் மேற்பக்கத்தை உள்ளே சாய்த்து, பின் யன்னல்களுக்குச் சீலை தொங்கவிட்டு ஓடுவார்களாம். விஐபி என்று அதற்குப் பெயராம். ஒரு மழைநாளில் அப்படிச் செய்த அமெரிக்கக் கார் ஒன்று உங்களைக் கடந்து போனபோது, கையில் தண்ணீர்க் குழாயோடு பார்த்துக்கொண்டு நின்றீர்களாம்.

"அகலம் அமெரிக்கன்ரை, அடக்கம் யப்பான்காரன்ரை. ரெண்டும் சேர்ந்தா அதுதான் வடிவு" என்பீர்கள்.

செவன் ஹில்ஸ் கிடங்கில் உங்களுக்கு வேலை நிரந்தரமான பிறகு, இரண்டாயிரத்துப் பத்தில், அந்த நீளமான கறுப்பு அமெரிக்கக் கார் எங்கள் வாசலுக்கு வந்தது. சனிக்கிழமைகளில் உங்கள் வியட்நாம் நண்பர் டுவானின் கராஜில் இருவரும் அதன் கீழே படுத்துக் கிடந்தீர்கள். வாரா வாரம் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஒருநாள் கபில நிறத் துணியோடு வந்து என் தையல் மெசினுக்கு முன்னால் நின்றீர்கள்.

"காருக்கு யன்னல் சீலையோ? சனம் சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டும். நீர் மடிப்பை மட்டும் ஒழுங்காப் பிடியும்."

சனம் சிரிக்கத்தான் செய்தது. கோயில் தரிப்பிடத்தில் ஒரு அங்கிள் காரைச் சுற்றி வந்து, "என்ன தம்பி, நாலு ரயரும் காத்துப் போயிட்டுதோ?" என்றார். "இல்லை அங்கிள், அது குந்தி இருக்குது" என்றீர்கள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். திரும்பி வரும்போது நான் சிரித்த சிரிப்பில் பூசைத் தட்டு மடியிலிருந்து விழுந்தது. அமெரிக்கக் கார்க்காரர்கள் நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டான் என்றார்கள். யப்பான் கார்க்காரர்களோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீங்கள் ஞாயிறு தோறும் அதை மெழுகு பூசித் துடைத்தீர்கள். நானும் சீலைகளைக் கழற்றித் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு மாட்டினேன். எப்போதிலிருந்து அது எனக்கும் பிடித்துப்போனது என்று தெரியவில்லை.

முதுகு நோ தொடங்கியபோது காருக்குக் கீழே படுத்ததால் வந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன்பிறகு சிகிச்சைக்கு உங்களைக் கொண்டுபோய் வந்தது நான். கால் நீட்ட வசதி என்று பின் ஆசனத்தில் இருப்பீர்கள். தாழ்த்திய கார் விட்டுக்கொடுக்காது. வீதியில் ஒரு வெடிப்பு என்றாலும் அது உங்கள் எலும்புக்குள் போகும். நீங்கள் சத்தம் போடமாட்டீர்கள். கண்ணாடியில் பார்ப்பேன், கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கும்.

"டுவானிட்டச் சொல்லி உயர்த்துவமேப்பா?"

"வேண்டாம்."

"அப்ப டாக்சி எடுப்பம்."

"என்ரை வண்டியிலைதான் போவன்." பிறகு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உயர்த்தினா நான் இனி எழும்பமாட்டன் எண்டு நீரும் ஒத்துக்கொண்ட மாதிரி" என்றீர்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நான் கார் ஓடும் விதத்தை மாற்றினேன். வேகத்தடைகளுக்குக் குறுக்குச் சாய்வாக ஏறினேன். பெரிய வீதியை விட்டு, புதிதாகத் தார் போட்ட சின்ன வீதிகளைத் தேடிப் பிடித்தேன். பிரேக்கை முட்டையை மிதிப்பதுபோல் மிதித்தேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், கத்தினார்கள். எல்லாம் செய்தும் ஒருநாள் ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தின் வாசலிலேயே ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்தது. நீங்கள் "அம்மா" என்றீர்கள். அப்படி நீங்கள் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன். பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

"டுவானைக் கூப்பிடும்."

அந்தச் சனிக்கிழமை டுவான் பொருட்களோடு எங்கள் வாசலுக்கே வந்தார். கராஜ் வாசலில் உங்களுக்குக் கதிரை போட்டுப் போர்வை சுற்றிவிட்டேன். அவர் ஜாக்கைக் கொடுத்துக் காரைத் தூக்கி, நீங்கள் இருவரும் பூட்டிய ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சாய்ந்திருந்த சில்லுகளை நிமிர்த்தினார். உங்கள் முகத்தைப் பார்க்காமலே ஆங்கிலத்தில் கேட்டார், "எவ்வளவு உயரத்துக்கு?"

நீங்கள் என்னைக் கையால் காட்டினீர்கள். "அவவுக்கு ஓடச் சுகமான உயரத்துக்கு" என்றீர்கள்.

டுவான் எழுந்து பின்வளவுக்குப் போனார். நான் உங்கள் தோளில் கையை வைத்தேன். அது அவ்வளவு மெலிந்திருந்தது. "ஏனப்பா இப்பிடிச் சொன்னீங்கள்?" என்றேன். "பிறகும் நீர்தானே ஓடப்போறீர்" என்றீர்கள், கடைக்குப் போகிற விசயம்போல.

அன்று வாசல் சரிவில் கார் சத்தமில்லாமல் இறங்கியது. ஜக்கரண்டா மரங்கள் பூக்கத் தொடங்கிய கிழமையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

காரை விற்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நான் விற்கவில்லை. டுவான் வந்து ஒயில் மாற்றித் தருகிறார். உங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போகிறார். இப்போது ஹோம்புஷ் பிளாட்டில் தனியாக இருக்கும் ஒரு அன்ரியை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். பஸ்ஸில் குலுங்கிப் போக அவவால் முடியாது. போன கிழமை திரும்பி வரும்போது கேட்டா:

"நீர் ஓடினா எனக்கு நித்திரை வருது பிள்ளை. ஆர் உமக்கு இப்பிடி ஓடப் பழக்கினது?"

"என்ரை அவர், அன்ரி."

"பக்கத்திலை இருந்து சொல்லித் தந்தவரோ?"

"இல்லை. பின்னாலை இருந்தவர்."

அன்ரி தலை சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, நித்திரையாகிவிட்டா. பச்சை விளக்கு விழுந்தது. நான் பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தேன்.